வெளியூர்க்காரர் பெஞ்சு

வாஷிங்டன்
மார்ச் 14, 1986

ஆர்டிஸ் அக்காவுக்கு,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன் நீ படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் நீ செய்தது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. ஹாக்பேக் மலைத் தீர்மானம் வந்ததும் நான் எழுந்தேன். பத்து வருடம் அதே மண்டபத்தில் ஊர்க்குழு உறுப்பினராக இருந்தவள், பழக்கதோஷத்தில் பேசவும் ஆரம்பித்துவிட்டேன். ஹோலிஸ் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். "வெர்னா, நீ இப்ப இந்த ஊர் வாக்காளர் இல்ல. வெளியூர்க்காரங்க பேசணும்னா கூட்டம் அனுமதி தரணும்" என்றார். சரி, கூட்டத் தலைவர் அவர், விதியும் அதுதான். மறந்தது என் தப்பு. அனுமதி கேட்டேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அவர் கேட்டார். அடித்தளச் சமையலறையிலிருந்து படியேறி வந்து, கையில் கரண்டியோடு, "எனக்கு உண்டு" என்றது யார்? என்னோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள்.

மூன்றில் இரண்டு பங்குக் கைகள் வேண்டியிருந்தன. வரவில்லை. உன் முகத்தைப் பார்த்த பிறகு பாதிப் பேர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால், வரைபடச் சுருளோடு வந்த அந்த மத்திய அரசுத் துறை அதிகாரிக்கு மட்டும் எல்லோரும் கை தூக்கினீர்கள். நம் மலையைக் குடைந்து அணு உலைக் கழிவைப் புதைக்கலாமா என்று பார்க்க வந்தவன் அவன். அவன் ஒரு மணி நேரம் பேசலாம், நான் மூன்று நிமிடம் பேசக்கூடாதா?

கடைசியில் வெளியூர்க்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் டிராக்டர் விற்பனையாளர். இன்னொரு பக்கம் என் வீட்டை வாங்கிய பாஸ்டன் பல் மருத்துவர். அவர் எனக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்து, இந்தக் கூட்டத்துக்கு முதல்முறையாக வருகிறீர்களா என்று கேட்டார்.

சில கைகள் வித்தியாசத்தில் ஊர் முடியாது என்றுவிட்டது. நான் சொல்ல வந்தது இதுதான்: சோதனை நடக்கட்டும். பாறையில் விரிசல் இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்போம். ஜூன் மாதம் அந்தச் சோதனைக்கான நிதி மசோதா இங்கே நாடாளுமன்றச் சபைக்கு வருகிறது. அதில் நான் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று ஊரோடு பேசத்தான் வந்தேன். நீ என் வாயை அடைத்தாய்.

பதில் எழுத வேண்டாம்.

வெர்னா

*

ஹார்லோ
மார்ச் 20, 1986

வெர்னா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க?

அந்த வரைபடக்காரனுக்கு ஏன் கை தூக்கினோம் என்று கேட்கிறாய். அவன் அந்நியன். வீடு தேடி வந்த அந்நியனை உட்காரவைத்து என்ன விஷயம் என்று கேட்பது மரியாதை. நீ அந்நியன் இல்லை. நீ விட்டுவிட்டுப் போனவள். அதற்கு வேறு மரியாதை. உன் புருஷன் ரே செத்து வருடம் திரும்புவதற்குள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என் வேலியை ஒட்டிய வீட்டை ஒரு பல் பிடுங்குகிறவனுக்கு விற்றாய். அவன் கோடையில் மூன்று வாரம் வந்து, எங்கள் எரு நாறுகிறது என்று ஊர்க்குழுவிடம் புகார் கொடுக்கிறான். உன் பெயரை மெரிடன் நகரத்துப் பட்டியலில் எழுதிக்கொண்டாய். அப்புறம் வாக்காளர் மாதிரி எழுந்து பேசினால் எப்படி? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் ஹோலிஸ் சுத்தியலால் தட்டத்தான் தட்டுவார்.

சோதனை நடக்கட்டும் என்கிறாய். வரைபடக்காரனும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். போன வாரம் மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்க வாளி மாட்டப் போன என் வீட்டுக்காரர் வெண்டல், மேல் காட்டில் நம் மரங்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. நம் மரம், அவர்கள் நாடா.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். இதை நீ எல்லா மேடையிலும் சொல்லி ஓட்டு வாங்கியிருக்கிறாய். ஆனால் அங்கே நீ சொல்வது பாலிஷ் போட்ட கதை. நடந்தது இதுதான். கூட்டத்து நாள் சாப்பாட்டுக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் கீழே அடுப்பில் வெந்துகொண்டிருப்போம். பெண்களுக்குப் பிடிக்காத தீர்மானம் எது இருந்தாலும், ஆண்கள் அதைச் சரியாகச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எடுப்பார்கள். நாங்கள் பீன்ஸ் பானையை இறக்கிக்கொண்டிருக்கும்போது மேலே கை தூக்கி முடித்துவிடுவார்கள். மலைப் பள்ளிக்கூடத்தை மூடும் தீர்மானத்தையும் அப்படித்தான் எடுத்தார்கள். நீ கல்யாணமாகி வந்த புதிது. மேலே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டதும் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், "எல்லாரும் மேல வாங்க, கரிஞ்சா கரியட்டும்" என்றாய். போனோம். மாவுக் கையோடு கை தூக்கினோம். பள்ளிக்கூடம் பிழைத்தது. பீன்ஸ் அடிபிடித்துக் கரியானது. அன்றைக்கு ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கரிந்த பீன்ஸையே தின்றார்கள். அடுத்த வருடம் உன்னை ஊர்க்குழுவில் உட்காரவைத்தோம்.

அன்றைக்கு நீ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை, கையில் ஓட்டு இருந்தது. அதை நீயாகத்தான் விட்டுப் போனாய். நான் பிடுங்கவில்லை.

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
ஏப்ரல் 6, 1986

அக்கா,

நான் எதையும் விட்டுப் போகவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

பத்து வருடம் ஊர்க்குழுவில் என்ன செய்தேன்? சேற்றில் புதைந்த பள்ளிப் பேருந்துக்குச் சங்கிலி தேடினேன். யார் நாய் யார் ஆட்டைக் கடித்தது என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று விசாரித்தேன். பனி தள்ளும் வண்டி என் வீட்டு வாசலுக்கு முதலில் வந்தது என்று என்மேல் புகார் கொடுத்தாய். நீதான், வேறு யாரும் இல்லை. அதன்பிறகு அந்த வண்டி உன் வாசல் முடிந்து, ஊர் முடிந்து, கடைசியாகத்தான் என் வாசலுக்கு வந்தது. பிறகு மாநிலச் சபை. அங்கே என்னை முதல் நாள் காபி கொண்டுவரச் சொன்னவரின் பக்கத்திலேயே ஆறு வருடம் உட்கார்ந்தேன். பிறகு இங்கே. இங்கே என் கட்சித் தலைவருக்கு ஹார்லோ எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. தெரியவைத்தவள் நான்.

வீட்டை விற்றதற்குக் காரணம் சொல்கிறேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் வேலையில்லாதவர்கள், ஓய்வூதியம் நின்றுபோன கிழவர்கள். மலைச்சாலையில் சேறு காய்கிற வரைக்கும் அவர்கள் காத்திருக்க முடியாது. மெரிடனில் பேருந்து நிற்கிறது, விமானத் திடலும் இருக்கிறது. அது மட்டும் காரணமா என்றால், இல்லை. ரே இல்லாத வீட்டில் மாடிப்படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. இதை உன்னிடம் வந்து எப்படிச் சொல்வது? நீ "எல்லா வீட்டிலயும் சாவு உண்டு" என்று சொல்லியிருப்பாய். சொல்லியிருக்க மாட்டாயா?

இப்போது மலைக்கு வருவோம். அந்தக் கழிவு இருக்கிறது. நாம் எரிக்கும் விளக்கில் உண்டானது. எங்காவது புதைத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஊரும் எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் எங்கே போவது? என் தொகுதியில் நூற்றுக்கும் மேலே ஊர்கள். ஹார்லோ அதில் ஒன்று.

இன்னொன்று. இதை நீ வெண்டலிடம் மட்டும் சொல். பால் விலையை முடிவு செய்யும் குழுவில் ஓரிடம் காலியாகிறது. ஆறு வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தால் அந்த இடம் எனக்கு என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்தக் குழுவில் நான் உட்கார்ந்தால் வெண்டலின் மாடுகள் விற்காமல் கொட்டகையிலேயே இருக்கும். வெண்டல் மாதிரி ஆயிரம் பேருடைய மாடுகளும் இருக்கும். மலையில் துளை போட்டுப் பார்ப்பது ஒரு பக்கம், பால் விலை இன்னொரு பக்கம். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று சொல். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்.

வெர்னா

*

ஹார்லோ
மே 2, 1986

வெர்னா,

உன் கடிதத்தை வெண்டலுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வருடத்துக்கு மூன்று முறை பேசுகிறவர் என்று உனக்குத் தெரியும். பால் கறந்துகொண்டே கேட்டார். அடுத்த மாட்டுக்கு ஸ்டூலை நகர்த்தினார். அப்புறம் சொன்னார்: "பால் வெல ஏறும், எறங்கும். பொதைச்சத யாரு தோண்டி எடுப்பா? எம் பேரச் சொல்லி அவ எதையும் விக்க வேணாம்." அவ்வளவுதான். இந்த வருடக் கணக்கில் ஒன்று முடிந்துவிட்டது.

நான் சொல்வதையும் கேள். உன் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்றாய். நான் உன் இடத்தில் இல்லை. என் இடத்தில் இருக்கிறேன், அதைத்தான் தோண்ட வருகிறார்கள். எங்காவது புதைக்க வேண்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த 'எங்காவது' ஏன் எப்போதும் ஓட்டு குறைந்த ஊராகவே இருக்கிறது? பாஸ்டனுக்கு அடியிலும் பாறை இருக்கிறதே.

போன திங்கட்கிழமை துளை போடும் லாரி வந்தது. சேறு இன்னும் காயவில்லை, மலைக்கு ஒரே பாதைதான். காலையில் நான் எரு இறைக்கும் வண்டியை நிறைத்துக்கொண்டு போனவள், பாதையின் குறுக்கே நிறுத்திவிட்டேன். நிறுத்திய இடம் தற்செயல் என்று வைத்துக்கொள். எனக்குப் பின்னால் இன்னும் நாலு வீட்டுப் பெண்கள் டிராக்டர்களோடு வந்தார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு அங்கேதான் வேலை இருந்தது. லாரிக்காரர்கள் காவலர் லைலைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆர்டிஸ், வண்டிய எடுங்க."

"ரிப்பேரு."

"எப்ப சரியாகும்?"

"அவங்க திரும்பிப் போனா சரியாயிரும்."

லைலுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே. லாரிக்காரர்களிடம் போய், மெக்கானிக் மெரிடனிலிருந்து வரவேண்டும், பாதை இப்படி இருக்கும்போது வரமாட்டான் என்று சொல்லிவிட்டான். மதியம்வரை வெயிலில் அந்த வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசியில் போனார்கள். திரும்பி வருவார்கள், தெரியும். வண்டியும் மறுபடி ரிப்பேர் ஆகும்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்காதே. எங்களுக்கு நல்லது செய்வதற்காக எங்களை விற்கிறேன் என்று சொல்லாதே. விற்க வேண்டுமென்றால் உன்னுடையதை விற்றுக்கொள். வீட்டை விற்ற மாதிரி.

ரே விஷயத்தில் நீ சொன்னது சரிதான். "எல்லா வீட்டிலயும் சாவு உண்டு" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லிவிட்டு உன் வீட்டில் வந்து படுத்திருப்பேன். அதை நீ கணக்கில் எடுக்கவில்லை.

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
ஜூன் 25, 1986

அக்கா,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் என் வாயால் கேட்டுக்கொள். மசோதாவை எதிர்த்து வாக்களித்தேன். மசோதா நிறைவேறிவிட்டது. என் வாக்கு அதை ஒன்றும் செய்யவில்லை. என்னைத்தான் செய்தது. பால் குழு இடம் வேறு மாநிலத்துக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. மாட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன்னால் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமே படாத மனிதர். தன் கையாலேயே காபி ஊற்றினார். இந்த மலைக்கு ஏன் இப்படிப் பிடிவாதம் என்று கேட்டார். எரு வண்டிக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "வெர்னா, அந்த ஊர்ல மொத்தம் எத்தன ஓட்டு இருக்கும்?" என்றார்.

"கொஞ்சம்தான். எனக்கே அங்க ஓட்டு இல்ல" என்றேன்.

"அப்புறம் என்ன?" என்றார்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஏப்ரலில் உனக்கு நான் எழுதியதும் இதுதானே? ஹார்லோ நூற்றில் ஒன்று என்று. அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று தெரிந்தது. காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "அங்க கேட்காம தோண்டக்கூடாது சார். கேட்டாங்க, அவங்க முடியாதுன்னுட்டாங்க. முடிஞ்சுது" என்றேன். அப்படியானால் பால் குழுவை மறந்துவிடு என்றார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல்வரைதான் தைரியம். தாழ்வாரத்தில் வந்து அழுதேன். ஆறு வருடம் அக்கா.

பேச எனக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். இங்கேயும் அனுமதி கேட்டுத்தான் பேச வேண்டும். இந்தமுறை மறக்காமல் கேட்டேன்.

இதெல்லாம் உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்காவது புதைத்துத்தான் ஆக வேண்டும் என்பதை இன்னமும் நம்புகிறேன். நன்றி என்று ஒரு வரி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். பால் விலை இனி எப்படிப் போகும் என்பதை வெண்டலிடம் நீயே சொல். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

வெர்னா

*

ஹார்லோ
நவம்பர் 30, 1986

வெர்னா,

ஐந்து மாதமாக எழுதவில்லை. நன்றி சொல்லக்கூடாது என்றுவிட்டாய், அதைத் தாண்டி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

மாடுகளை அக்டோபரில் விற்றுவிட்டோம். உனக்கு வேறு யாரோ சொல்வதைவிட நான் சொல்வது மேல். லாரி வந்த அன்று வெண்டல் ஒவ்வொன்றையும் தானே பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றினார். லாரிக்காரர்களைத் தொடவிடவில்லை. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குழந்தைகளிடம் பேசுகிறாராம், என்னாலேயே நம்ப முடியவில்லை. இது உன்னால் வந்தது என்று நீ ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருப்பாய். புரளாதே. நீ அந்தக் குழுவில் இருந்திருந்தால் விலை ஏறியிருக்குமோ என்னவோ. நாங்கள் வேண்டாம் என்று சொன்னோம், அதற்கு உரிய விலையை நாங்கள் கொடுத்தோம். எங்களுக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.

தேர்தலில் நீ மயிரிழையில் தப்பித்தாய் என்று கேள்விப்பட்டேன். நம் ஊரில் இந்தமுறை உனக்கு நிறைய விழுந்தது. நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

ஹாக்பேக்கைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று துறையிலிருந்து ஊர்க்குழுவுக்குத் தகவல் வந்திருக்கிறது. கைவிட்டோம் என்று இல்லை, தள்ளிவைத்தோம் என்று. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதை விளக்க மார்ச் கூட்டத்துக்கு வரைபடக்காரன் மறுபடி வருகிறானாம். வாயில் தேன் தடவியவன். போன முறை அவன் பேசி முடிக்கும்போது ஊரில் பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன்.

அதனால் கையெழுத்து வாங்கி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறேன். இனிமேல் வெளியூர்க்காரர் யாரும் ஊர்க்கூட்டத்தில் பேசக்கூடாது. அனுமதி, மூன்றில் இரண்டு, ஒன்றும் கிடையாது. மொத்தமாகக் கதவைச் சாத்துவோம். அதில் நீயும் அடக்கம். பின்னால் முதுகில் குத்தினேன் என்று சொல்வாய், அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஆர்டிஸ்

*

ஹார்லோ, பழைய பால் நிலைய மாடி
பிப்ரவரி 15, 1987

அக்கா,

உறையில் இருக்கும் முகவரியைப் பார்த்து நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டிருப்பாய். சரியாகத்தான் படித்தாய். ஹோலிஸின் பால் நிலையத்து மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மெரிடன் வீட்டைக் காலி செய்துவிட்டேன், அங்கே அலுவலகம் மட்டும்தான். வாஷிங்டனில் சபை இல்லாத நாளெல்லாம் இனி இங்கேதான். வெள்ளிக்கிழமை ஊர் எழுத்தரிடம் போய் வாக்காளர் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு வந்தேன். என் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னாள், வேண்டுமென்றேதான்.

உன் மாடி அறையை ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். கொடுத்துவிட்டு ஆயுசுக்கும், "என் கூரைக்கடியில இருந்துக்கிட்டு" என்று ஆரம்பித்திருப்பாய். என் ஓட்டு என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குக் குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை. இந்த அடுப்பு புகையைத் தவிர வேறு எதையும் தருவதில்லை.

மாடுகளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பலமுறை படித்தேன். பாவம் பார்க்க வேண்டாம் என்றாய், பார்க்கவில்லை. வலிக்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை. வலிக்கிறது.

உன் தீர்மானத்தையும் படித்தேன். அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதைக் கூட்டத்தில் சொல்வேன். இந்தமுறை நீ கரண்டியோடு எழுந்தாலும் ஹோலிஸால் ஒன்றும் செய்ய முடியாது.

வெர்னா

*

ஹார்லோ
பிப்ரவரி 17, 1987

வெர்னா,

நீ ஒரு கிறுக்கு. அந்த மாடியில் எலிகூடக் குளிர்காலத்தில் தங்காது.

வெண்டல் ஒரு வண்டி விறகு கொண்டுவருவார். அது அவர் கொடுப்பது, நான் இல்லை. ஓட்டுக்கும் விறகுக்கும் சம்பந்தம் கிடையாது. கூட்டம் முடிகிற வரை நான் உன்னோடு பேசப்போவதில்லை, தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவேன்.

ஆர்டிஸ்

*

ஹார்லோ
மார்ச் 12, 1987

வெர்னா,

மறுநாள் விடிந்ததும் விமானம் ஏறிவிட்டாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதனால் மறுபடி காகிதம்.

ஹோலிஸ் உன் பெயரைக் கூப்பிட்டபோது அவர் குரல் கொஞ்சம் இடறியது. நீ கவனித்தாயா தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில், ஊர்க்காரர் வரிசையில் எழுந்தாய். நீ எனக்குச் சாதகமாகப் பேசுவாய் என்று ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். உன் வாயை ஒருமுறை அடைத்தோம், அதற்கு வெட்கப்பட்டு நான் எதையாவது விட்டுக்கொடுப்பேன் என்று நீ நம்பியிருப்பாய். நாம் இரண்டு பேரும் முட்டாள்கள்.

நீ பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வரைபடக்காரர் பேசினதாலதான் அவர் மனசுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சுது. பேச விடலேன்னா, அடுத்தவன் பேசாமலே வந்து துளை போடுவான். பேசட்டும். காது குடுத்துக் கேப்போம். கேட்டுட்டு முடியாதுன்னு சொல்வோம். முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஊருக்கு அடுத்தவன் பேச்சக் கண்டு என்ன பயம்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "போன வருஷம் உன்னப் பேச விடலேன்னு பழி வாங்கறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுவும்தான்" என்றாய். மண்டபமே சிரித்தது. ஹோலிஸ் தட்டவே மறந்துபோனார்.

கைகளை எண்ணியதில் குழப்பம் வந்து, இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கச் சொன்னார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால், கதவுப் பக்கம் நீ நிற்கிறாய், உன் பக்கத்தில் வெண்டல். முப்பது வருடக் கல்யாணத்தில் அந்த மனிதர் முதல்முறையாக எனக்கு எதிரில் நிற்கிறார், அதுவும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சர்ச்சுக்குள் நிற்கிற மாதிரி. ஒரே ஓட்டில் தோற்றேன். அந்த ஒரு ஓட்டு உன்னுடையதா அவருடையதா என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். அவரிடம் கேட்டேன். இந்த வருடத்துக்கான மூன்று பேச்சும் தீர்ந்துவிட்டது என்கிறார். அன்றைக்கு அவருக்கு ஆறின சூப்தான்.

வரைபடக்காரன் பேசினான், கேட்டோம். தள்ளிவைப்பதும் கைவிடுவதும் ஒன்றா என்று நீ கேட்டாய். அவனால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். நீ கத்தாமல் கேட்டு, அவன் பதில் சொல்லாமல் விழிப்பதை ஊர் முழுக்கப் பார்க்க வைத்தாய். இந்தமுறை ஒருவரும் தலையாட்டவில்லை. எல்லாக் கைகளும் முடியாது என்று எழுந்தன. அதில் உன் கையும் இருந்தது. வாஷிங்டனில் நீ என்ன பெரிய ஆளோ எனக்குத் தெரியாது. இங்கே என் கை அளவுதான் உன் கையும்.

சாப்பாட்டில் உனக்கு மட்டும் சின்னத் துண்டு ஆப்பிள் பை வைத்தேன். நீ பார்த்தாய், துணுக்குகூட விடாமல் தின்றாய். எல்லோரும் போனபின் பானைகளைத் தேய்த்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். பெரிய பானைக்கு வந்தபோது, இவ்வளவு நேரமும் நான் சந்தோஷமாகத்தான் திட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. ஏழு வருடமாக அந்த மண்டபத்தில் எனக்குச் சமமாக எதிர்த்துப் பேச ஒரு ஆள் இல்லை. எல்லோருக்கும் என் கரண்டியைக் கண்டால் பயம்.

அடுத்த மார்ச்சில் அதே தீர்மானத்தை மறுபடி கொண்டுவருவேன். கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன், வெண்டலிடம் கேட்கப்போவதில்லை. சபை, கட்சி, தலைவர் கூப்பிட்டார் என்றெல்லாம் சாக்குச் சொல்லாமல் வந்து சேர். நீ வராவிட்டால் நான் சுலபமாக ஜெயித்துவிடுவேன். அப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆர்டிஸ்